கார் ஏசியில் சூடான காற்று வந்தால்…

(நம் சங்கத்தின் ஏப்ரல் மாத உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



கார் ஏசி பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "நான் பி.காம். படித்தவன் சார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன். எனக்கும் மெக்கானிக் வேலைக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "நீங்கள் பட்டதைச் சொன்னால் போதும்" என்றார். அதற்கு எனக்கு முழுத் தகுதி உண்டு.

போன வருஷம் கத்திரி வெயிலில், மனைவியைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன். வண்டி ஓடும்போது ஏசி ஜில்லென்று இருந்தது. ஒரு சிக்னலில் மாட்டிக்கொண்டோம். காற்று மெல்லச் சூடாகிவிட்டது. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர். "தலை சுத்துதுங்க" என்று சாய்ந்துவிட்டார். ஓரம் கட்டி, ஒரு கடை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அந்தக் கால் மணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மறுநாள் ஒரு கடையில் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று ஏற்றினார்கள். சரியாகவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி ஏற்றினார்கள். இன்னும் மோசமானது. மூன்றாம் முறை, "கம்ப்ரஸர் போச்சு சார், இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். பென்ஷன்காரனுக்கு அது ஒரு மாதச் செலவு.

அப்போதுதான் பழைய புத்தி வேலை செய்தது. கம்ப்ரஸர் போயிருந்தால், வண்டி ஓடும்போது மட்டும் எப்படிக் குளிரும்? கணக்கு உதைத்தது. வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஏசியைப் போட்டு பானெட்டைத் திறந்தார். முன்னால் இருக்கும் கண்டென்சர் ஃபேன் சுற்றவே இல்லை.

கேபினில் இருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுவது கண்டென்சர். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அது நின்றால் கேஸ் அழுத்தம் ஏறும், குளிர்ச்சி போய்விடும். இதில் தேவைக்கு மேல் கேஸையும் ஏற்றினால் அழுத்தம் இன்னும் கூடத்தானே செய்யும்?

ஃபேனுக்கு நேராக பேட்டரி கரண்ட் கொடுத்தார், சுற்றியது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. கெட்டுப்போனது ரிலே. சில நூறு ரூபாய் சாமான்! பிறகு இருந்த கேஸை மெஷினில் எடுத்துவிட்டு, சரியான எடைக்கு ஏற்றிக் கொடுத்தார்.

நீங்கள் மெக்கானிக்கிடம் போகும் முன் இவற்றைப் பாருங்கள்.

ஒன்று: காற்று வேகமாக வருகிறதா? வேகமே இல்லையென்றால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல வண்டிகளில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். தூசி அடைத்திருந்தால் மாற்றினாலே போதும்.

இரண்டு: காற்று வேகமாக, ஆனால் சூடாக வந்தால், ஏசி விளக்கு எரிகிறதா, வெப்ப நாப் குளிர் பக்கம் இருக்கிறதா, வெளிக்காற்று பொத்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். எனக்கே ஒருமுறை நடந்திருக்கிறது.

மூன்று: ஏசியைப் போட்டு பானெட்டைத் திறந்து, எட்ட நின்று பாருங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். பல வண்டிகளில் கம்ப்ரஸர் 'டிக்' என்று பிடிப்பது கேட்கும். ஃபேன் திடீரென்று சுற்றும். கை, துப்பட்டா, அங்கவஸ்திரம் எதுவும் கிட்டே போகக் கூடாது.

நான்கு: கண்டென்சரில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா? என்ஜின் ஆறிய பிறகு மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் பம்ப் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கேஸ் குழாயை மட்டும் நாமே கழற்றக் கூடாது. உள்ளே அழுத்தம் அதிகம். பீறிட்டால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும்.

இனி முக்கியமான விஷயம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாவது இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. சீக்கிரம் சீக்கிரம் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கேஷ் கவுன்டரில் பணம் குறைந்தால் தினமும் கைக்காசைப் போட்டா கணக்கை முடிப்போம்? எங்கே போனது என்று தேட மாட்டோமா? அதேதான். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருந்தால் அங்கேதான் கசிவு இருக்கலாம். கசிவை அடைத்து, வேக்குவம் போட்டு, பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று பெரும்பாலும் பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும். ஆர்-134ஏ கேஸ் வண்டியும் உண்டு, புதிய ஆர்-1234ஒய்எஃப் வண்டியும் உண்டு. ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது. எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கீழ்த்தள பார்க்கிங்கில் என்ஜினை ஓடவிட்டு ஏசியில் உட்காராதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொல்லும். வெயிலில் நிற்கும் காரில் குழந்தைகளையோ வயதானவர்களையோ "ரெண்டு நிமிஷம்" என்று விட்டுப் போகாதீர்கள். அந்தச் சிக்னலில் என் மனைவியின் முகத்தைப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திறந்தவெளி பார்க்கிங்கில் இருப்பேன். சந்தேகம் இருப்பவர்கள் வண்டியோடு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.