மேடை ஒளியும் காமிராவும்



நல்ல வெயிலில் படம் எடுப்பது எளிது. வேண்டிய வெளிச்சத்தைச் சூரியனே கொடுத்துவிடுகிறான். ராக் இசைக் கச்சேரியில் நிலைமை வேறு. மேடையின் பெரும்பகுதி இருளில் கிடக்கும். வண்ண விளக்குகள் கணத்துக்குக் கணம் மாறும். பாடகரோ குதிப்பார், தலையை உதறுவார். பெரிய கச்சேரிகள் பலவற்றில், முதல் மூன்று பாட்டுகள் முடியும்வரைதான் பத்திரிகைப் படக்காரர்களை மேடையின்முன் நிற்க விடுவார்கள். பிளாஷ் விளக்கும் கூடாது என்பார்கள். ஆகவே, எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுக்கலாகாது என்பதை முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டு போகவேண்டும்.

காமிராவுக்குள் புகும் ஒளியை லென்ஸின் துவாரமும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் நிர்ணயிக்கின்றன. குழாயைத் திறந்து குடத்தை நிரப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அகலத் திறந்தால் குடம் விரைவில் நிறையும். சிறிதே திறந்தால் நெடுநேரம் காத்திருக்கவேண்டும். மூன்றாவதாக ஐ.எஸ்.ஓ. என்று ஓர் அளவு உண்டு. அது உள்ளே வரும் ஒளியைக் கூட்டுவதில்லை. வந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது. தொலைவிலுள்ள வானொலி நிலையத்தைக் கேட்க ஒலியைக் கூட்டினால் பேச்சோடு இரைச்சலும் கூடுகிறதல்லவா? அவ்வாறே படத்திலும் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்புத் தோன்றும்.

முதலில் லென்ஸ். துவாரத்தின் எண் குறையக் குறைய, துவாரம் பெரிதாகும். காமிராவோடு சேர்த்து விற்கும் சாதாரண ஜூம் லென்ஸ், தொலைவை அருகில் காட்டும்போது பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு ஒளி தரும். தொழில்முறைக் கலைஞர்கள் 24-70, 70-200 மில்லிமீட்டர் லென்ஸ்களை அந்த அளவில் வைத்திருப்பார்கள். விலையோ மிக அதிகம். மாணவர்களுக்கு 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸையே நான் சொல்வேன். விலை குறைவு, ஒளியோ எஃப் 5.6-ஐ விட ஏறக்குறைய பத்து மடங்கு. அதில் ஜூம் வசதி இல்லை. நாம்தான் மேடையை நெருங்கவேண்டும். 1967 ஜூன் 18-ஆம் தேதி, கலிபோர்னியாவிலுள்ள மான்டெரேயில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தம் கிதாரைக் கொளுத்தியதை, மேடையருகே நாற்காலிமீது நின்று படம் பிடித்த எட் காரெஃப் அப்போது 17 வயது மாணவர்தாம்.

அடுத்து ஷட்டர். ஆடிப்பாடும் மனிதருக்கு விநாடியில் 250-இல் ஒரு பங்கு நேரம் வேண்டும். குதிப்பவருக்கு 500-இல் ஒரு பங்கு. இவ்வளவு குறுகிய நேரத்தில் ஒளி போதாதாகையால், ஐ.எஸ்.ஓ.வை 3200 அல்லது 6400-க்கு உயர்த்தத் தயங்காதீர்கள். சொரசொரப்பைப் பின்னர்க் கணினியில் குறைத்துக்கொள்ளலாம்; கலங்கிப்போன முகத்தை மீட்பது அரிது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சுற்றிலுமுள்ள கருமையைக் கண்டு ஏமாறும் காமிரா, முகத்தை வெளிறச் செய்துவிடும். ஆதலால் ஒளியளவை முகத்திலிருந்து மட்டும் எடுங்கள். எல்.இ.டி. விளக்குகள் பல, கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அணைந்து எரிபவை. மின்னணு ஷட்டரில் அவற்றால் பட்டைப் பட்டையாகக் கோடுகள் விழக்கூடும். இயந்திர ஷட்டரே மேல்.

இவ்வளவும் கற்றபின் ஒரு படத்தைப் பாருங்கள். 1979 செப்டம்பரில் நியூயார்க் நகரின் பல்லேடியம் அரங்கில், 'தி கிளாஷ்' குழுவின் பால் சிமனன் தம் பேஸ் கிதாரை ஓங்கித் தரையில் அடித்தார். பென்னி ஸ்மித் என்ற அம்மையார் அதைப் படம் பிடித்தார். சிமனன் தம்மை நோக்கி வரவே அவர் பின்வாங்கினார். படம் தெளிவாக அமையவில்லை. அது இசைத்தட்டு உறைக்கு உதவாது என்பதே அவருடைய கருத்து. குழுவினரோ அதையே விரும்பினர். அவ்வாண்டு டிசம்பரில் 'லண்டன் காலிங்' இசைத்தட்டின் உறையில் வெளியான அப்படம், ராக் இசை உலகின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்றாக நிலைத்துவிட்டது.

அப்படியானால் விதிகள் வீணா? அல்ல. அவற்றுள் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் படத்தின் வழவழப்பை விட்டுக்கொடுக்கலாம். வேறு வழியில்லையெனில் தெளிவையும் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம். அந்தக் கணத்தை மட்டும் தவறவிடக்கூடாது. கைகள் காமிராவின் திருகுகளைத் தேடிக்கொண்டிருந்தால் கண் மேடையைப் பார்க்காது. எனவே, ஒரே விளக்கு எரியும் அறையில் நண்பரை நடமாடச் சொல்லி, அமைப்புகளைக் கண்ணால் பாராமல் மாற்றப் பழகுங்கள். அந்தப் பழக்கம் கைவந்துவிட்டால், கச்சேரியன்று மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவேண்டியிராது.