பஸ்ஸிலே ஓர் இடம்: சட்டம் கொடுத்தது, யார் காப்பது?

(ஸ்ரீரங்கத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் தோழர் ஒருவர் பேசியது)



உங்களில் பலர் பஸ் ஏறித்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, திருவானைக்காவல் வழியாக வந்து இறங்கியிருப்பீர்கள். காலி இடம் கண்டால் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்தில் இருந்தவரை என்ன ஜாதி என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களையும் யாரும் கேட்கவில்லை. இதிலே பேச என்ன இருக்கிறது என்று இளந்தோழர்கள் நினைக்கலாம். அந்த ஓர் இடத்துக்காக எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள், எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. 1960-களின் நடுவில் எனக்கு ஏழெட்டு வயது. அப்பா கொள்ளிடக் கரையில் வாழைக் கொல்லையில் கூலி வேலை. ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினார். நாலைந்து இடம் காலியாயிருந்தது. நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். அப்பா கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். வழி நெடுக நின்றுகொண்டே போனோம். கண்டக்டர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்தப் பலகையும் தொங்கவில்லை. இறங்கியதும் "ஏம்ப்பா?" என்று கேட்டேன். "முன்னாடி ஆண்டை இருந்தாரே, பாக்கலியா? உக்காந்தா நாளைக்கு வேலை கெடையாதுடா" என்றார்.

அப்போது தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. சட்டம் அப்பாவுக்கு இடம் கொடுத்தது. ஆண்டையின் கூலி அந்த இடத்தைப் பறித்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இப்போது கடல் கடந்து போவோம். அமெரிக்காவில் இது வெறும் பழக்கமாக இல்லை, சட்டமாகவே இருந்தது. 1892-ல் லூசியானா மாகாணத்தில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் வெள்ளையர் ரயில் பெட்டியில் உட்கார்ந்தார், கைதானார். அந்தச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று வழக்காடினார். 1896-ல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? வசதி சமமாயிருந்தால் தனித்தனியே வைப்பதில் தப்பில்லை என்றது! பெட்டி சமமாயிருக்கிறதாம், மனிதன் மட்டும் வேறாம்! அந்தத் தீர்ப்பின் நிழலில் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த அநியாயம் நடந்தது.

அலபாமா மாகாணத்தில் மாண்ட்கோமரி என்று ஒரு நகரம். பஸ்ஸில் முன்வரிசைகள் வெள்ளையருக்கு. கறுப்பு மக்கள் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடியும் ஏறவேண்டும். பயணிகளில் பெரும்பாலோர் கறுப்பு மக்கள்தான். கம்பெனிக்குக் காசு அவர்களுடையது, கௌரவம் வெள்ளையருடையது.

1955 டிசம்பர் 1-ந் தேதி ரோசா பார்க்ஸ் என்ற பெண், பெரிய கடையில் தையல் வேலை செய்தவர், இடத்தை விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதானார். அவரை ஜாமீனில் எடுக்க ஓடியவர் இ.டி. நிக்சன். யார் அவர்? ரயில் படுக்கைப் பெட்டிச் சிப்பந்திகளின் தொழிற்சங்கத் தலைவர்! பொன்மலையைப் பக்கத்தில் வைத்திருக்கும் திருச்சித் தொழிலாளிக்கு இது புரியும். டிசம்பர் 5-ந் தேதி பஸ் பகிஷ்காரம் ஆரம்பமாயிற்று. சமையல் வேலைக்குப் போகிறவர், கூலிக்குப் போகிறவர் எல்லோரும் நடந்தார்கள். இருக்கிற கார்களில் முறைவைத்துப் போனார்கள். 381 நாள்! நிக்சன் வீட்டிலும் மார்ட்டின் லூதர் கிங் வீட்டிலும் வெடிகுண்டு வீசினார்கள். மக்கள் பஸ் ஏறவில்லை.

நடந்துகொண்டே வழக்கும் போட்டார்கள். ரோசா பார்க்ஸின் வழக்கு மாகாணக் கோர்ட்டில் இழுபட்டுவிடும் என்று, வேறு பெண்களின் பெயரில் 1956 பிப்ரவரியில் மத்திய கோர்ட்டுக்குப் போனார்கள். ஆரீலியா பிரவுடர், எழுபதைத் தாண்டிய சூசி மெக்டொனால்ட், 15 வயதில் பஸ்ஸில் கைதான பள்ளி மாணவி கிளாடெட் கால்வின், 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித் ஆகிய நால்வர். எதிர்ப்பக்கம் நகர மேயர் கெயில். 1956 ஜூனில் மூன்று நீதிபதிகளில் இருவர், பஸ்ஸில் பிரித்து உட்காரவைக்கும் சட்டம் அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தத்துக்கு விரோதம் என்றார்கள். நவம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. டிசம்பர் 21-ந் தேதி மக்கள் பஸ் ஏறினார்கள், விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

இதில் மறக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. வழக்கில் ஐந்தாவதாக ஒரு பெண்ணும் இருந்தார். மிரட்டல் தாங்காமல் விலகிவிட்டார். ரோசா பார்க்ஸுக்கும் வேலை போயிற்று. அங்கேயும் இடத்தைப் பறிக்கிற கை, கூலி கொடுக்கிற கையாக இருந்தது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். நம் நாட்டில் கதை வேறு. 1920-களின் கடைசியில் இராமநாதபுரம் ஜில்லாவில் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றுவதில்லை. ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த சௌந்தரபாண்டியனார், ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். முதலாளியின் பையில் கை வைத்ததும் பஸ் கதவு திறந்தது! திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயின் ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்தது. பெரியாரின் இயக்கம் விடாமல் கிளர்ச்சி செய்து, 1941-ல்தான் அது ஒழிந்தது. 1938-ல் எம்.சி. ராஜா கொண்டுவந்த சென்னை மாகாணச் சட்டம், கிணறு, பாதையோடு போக்குவரத்து வசதியிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்றது.

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-வது பிரிவு கடை, ஹோட்டல், கிணறு, குளம், ரோடு என்று பெயர் சொல்லிப் பாதுகாத்தது. பஸ்ஸின் பெயர் அதில் இல்லை. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம்தான் பொது வாகனத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. மாண்ட்கோமரி மக்கள் நடக்க ஆரம்பித்த அதே வருஷம்!

வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே அநியாயம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. கோர்ட் ஒரு தீர்ப்பில் அதை அடித்துவிட்டது. இங்கே அநியாயம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. "நீ நில்" என்று அப்பாவுக்குச் சொன்ன சட்டம் எது? எதுவுமில்லை. இல்லாத சட்டத்தை எந்தக் கோர்ட் ரத்து செய்யும்? அது வயலிலும் களத்திலும் மனசிலும் இருந்தது. அதனால் நம் போராட்டம் இன்னும் நீளமானது.

எவ்வளவு நீளம்? 1997-ல் தென் ஜில்லாக்களுக்குப் புதிய போக்குவரத்துக் கழகம் வந்தது. கட்டபொம்மனின் படைத்தளபதி, தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. சர்க்கார் என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்துவிட்டது. நம் திருச்சி பஸ்ஸில் ஓடிய தீரன் சின்னமலை பெயரும் அன்றுதான் அழிந்தது. பெயரை அழித்தார்கள், நோய் அழிந்ததா?

ஆகவே தோழர்களே, சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1976-ல் திருத்தி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பஸ்ஸில் தடுத்தால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை ஜெயில், அதோடு 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். தடுக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்டவர் என்றால், தீண்டாமை காரணமாகத்தான் தடுத்தார்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளவேண்டும். இல்லை என்று நிரூபிப்பது தடுத்தவன் பொறுப்பு. நல்ல சட்டம்தான்.

ஆனால் கூண்டில் ஏறிச் சொல்ல ஒரு சாட்சி வேண்டுமே! சாட்சி யார்? நாளைக்கு அதே வயலுக்குக் கூலிக்குப் போகவேண்டியவர். அவரைத் தனியே விட்டால் வழக்கு அன்றைக்கே செத்துப்போகும்.

அங்கேதான் சங்கத்துக்கு வேலை. எங்கேயாவது ஒருவரை எழுப்பிவிட்டால், பஸ் நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட இருந்த இருவரின் பெயரை வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரோடு பத்துப் பேர் போங்கள். வாய்தா நாளில் சாட்சியின் கூலி போகாமல் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு வேலை இல்லை என்று ஒருவன் சொன்னால், அந்த வயலில் யாரும் இறங்கமாட்டோம் என்று சொல்லுங்கள். பஸ் ஓட்டுகிற, டிக்கெட் கொடுக்கிற தோழர்களுக்கும் சொல்கிறேன்: அந்த வண்டியில் சட்டம் முதலில் உங்கள் கையில்தான் இருக்கிறது.

என் அப்பாவுக்குச் சட்டம் தெரியாமல் போனதால் அவர் நிற்கவில்லை. பின்னால் ஆள் இல்லாததால் நின்றார். கடைசி வரை பஸ்ஸில் உட்கார ஒரு நொடி யோசித்தே உட்கார்வார்.

இன்றிரவு வீடு திரும்பும்போது பஸ்ஸில் யாராவது அப்படி யோசித்துக்கொண்டு நின்றால், நகர்ந்து இடம் கொடுங்கள். "உக்காருங்க அண்ணே" என்று சொல்லுங்கள். உங்கள் குரல் முன் ஸீட்டுவரைக்கும் கேட்கட்டும்.