நிவாரண லாரிகள் திரும்பிப் போன பிறகு



ஒரு பேரிடருக்கு மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று நம் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சோறு வடித்துப் பொட்டலம் கட்டுவோம். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவோம். கையில் இருப்பதைக் கொடுப்போம். ஆனால் அதே ஊருக்கு ஆறாவது மாதம் என்ன தேவை? இரண்டாவது வருடம் யார் போய்ப் பார்ப்பது? ஐந்தாவது வருடம் யார் அங்கே இருப்பார்கள்? இன்று உங்களோடு பேச விரும்புவது அந்த நீண்ட காலத்தைப் பற்றித்தான். அதற்கு நாகப்பட்டினம் பட்ட பாட்டையும் அங்கே நடந்த நல்ல வேலைகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த சுனாமி, தமிழகக் கரையில் சுமார் 8,000 பேரின் உயிரைப் பறித்தது. அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தில் இறந்தவர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் துக்கம் விசாரிக்கப் போகவும் ஆளில்லை. எல்லா வீட்டிலும் இழவு.

அடுத்த சில நாட்களில் நாடெங்கிலுமிருந்து உதவி வந்து குவிந்தது. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்தன. வந்த பொருள்களில் பழைய துணியும் ஏராளம். மீனவர்கள் அதைத் தொடவில்லை. மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கிடந்து வீணாயிற்று. கொடுத்தவர்கள் மனதில் குறை ஒன்றும் இல்லை. இந்த ஊருக்கு இது வேண்டும், அந்த ஊருக்கு அது வேண்டும் என்று எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. பிரதான சாலையை ஒட்டிய ஊருக்கு லாரிமேல் லாரி போகும். உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்புக்கு ஒன்றும் போகாது. கல்யாணப் பந்தியில் பரிமாற வந்த அத்தனை பேரும் சோற்று வாளியையே தூக்கிக்கொண்டு முதல் வரிசையிலேயே நின்றால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

இந்த நிலைமையைப் பார்த்துத்தான், சுனாமி வந்த சில நாட்களுக்குள்ளேயே, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டித் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும், மீனவப் பெண்களோடு ஏற்கெனவே வேலை செய்துவந்த ஸ்நேகாவும் அதில் முன்னின்றன. அந்தக் கரையையும் அதன் ஊர்ப் பஞ்சாயத்துகளையும் நன்கு அறிந்தவர்கள் அவர்கள். எந்த ஊரில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அரசாங்கமும் அவர்களோடு உட்கார்ந்து பேசியது.

அந்த மையம் செய்த வேலை என்ன? வீடு கட்டுவதோ படகு வாங்கிக் கொடுப்பதோ அல்ல. எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன செய்கிறது என்று பதிவு செய்தார்கள். வீடு, தொழில், குடிநீர், சுகாதாரம், விவசாயம் என்று துறைவாரியாக ஆட்களைக் கூட்டிப் பேசவைத்தார்கள். சென்னையில் போடப்படும் அரசாணையில் என்ன இருக்கிறது என்பதை ஊருக்குப் புரியும்படி சொன்னார்கள். ஊரின் குறையை அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோனார்கள். இதற்கென்றே கிராமத் தகவல் மையங்களும் திறக்கப்பட்டன. நேயர்களே, இது வெளியே தெரியாத வேலை. இதற்குத் திறப்புவிழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. ஆனால் இந்த வேலை நடக்காத இடத்தில், கொட்டிக் கொடுத்த பணமும் பாதி வீணாகும்.

அதற்கு ஒரு கசப்பான உதாரணம், படகு. கட்டுமரமும் வள்ளமும் உடைந்த ஊர்களுக்கு, எண்ணிக்கையில் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகள் வந்தன. படகைக் கொடுத்தால் படம் எடுக்கலாம், கணக்கும் காட்டலாம். சில ஆண்டுகளில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிட அதிகமான சிறு படகுகள் கரையில் நின்றன. கடலில் மீன் அதற்கேற்பப் பெருகவில்லை. படகு கூடிப்போனதால் தொழிலுக்கு ஆள் கிடைப்பது கடினமாயிற்று. எரிபொருள் செலவு ஏறியது. அதே சமயம், தலைச்சுமையாக மீன் விற்ற பெண்கள், கருவாடு காயவைத்தவர்கள், மீனவர் ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்த தலித் கூலித் தொழிலாளர்கள், கழிமுகத்தில் கைகளால் இறால் பிடித்துப் பிழைத்த இருளர்கள் ஆகியோரின் பெயர்கள் முதல் பட்டியல்களில் சரியாக ஏறவில்லை. படகு இழந்தவருக்கு இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அன்றாடக் கூலியை இழந்தவருக்கு எதைக் காட்டி நிரூபிக்க முடியும்?

விவசாயிகளுக்கும் இதே கதி நேர்ந்தது. சுனாமி என்றாலே எல்லார் நினைவிலும் மீனவர்தான் வந்தார். ஆனால் கடல்நீர் வயலுக்குள்ளும் புகுந்து, உப்பையும் சேற்றையும் படியவைத்துவிட்டுப் போயிருந்தது. சில வருடங்களுக்கு அந்த நிலத்தில் ஒன்றும் விளையாது என்று பேசிக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பு மையமும் நம்மாழ்வார் போன்ற இயற்கை வேளாண் முன்னோடிகளும் உள்ளூர் விவசாயிகளோடு கைகோத்தார்கள். படிந்த சேற்றை அப்புறப்படுத்தினார்கள். பள்ளம் வெட்டி மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்தார்கள். தக்கைப்பூண்டை விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுதார்கள். பல வயல்கள் எதிர்பார்த்ததைவிட விரைவில் மறுபடி நெல் விளையும் நிலமாயின. இதற்குத் தேவைப்பட்ட பணம் பெரிதல்ல. இந்த விவசாயியும் பாதிக்கப்பட்டவர்தான் என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொன்னதும், அதைக் கேட்டு வேலை தெரிந்தவரை அழைத்துவர இன்னொருவர் இருந்ததுமே பெரிய விஷயம்.

எல்லாவற்றையும்விட நீண்டது வீட்டு வேலை. அரசு நிலம் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டித் தர, ஒரு வீட்டுக்கு சுமார் 1,50,000 ரூபாய் என்றும், அளவு 300 முதல் 325 சதுர அடி என்றும் 2005-இல் வரையறுத்தார்கள். புது வீடுகள் கடலின் உயர் அலைமட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் அமைய வேண்டியிருந்தது. அங்கேதான் சிக்கல். கடலை விட்டுத் தள்ளிப்போனால் வலையை எங்கே வைப்பது, படகை யார் பார்த்துக்கொள்வது என்று மீனவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நிலம் தேடவும், பள்ளத்தை மேடாக்கவும், பயனாளிப் பட்டியல் போடவும் மாதங்கள் ஓடின. அதுவரை குடும்பங்கள் தார் ஷீட் கொட்டகைகளில் வெயிலிலும் மழையிலும் வெந்து நனைந்து கிடந்தன. ஆனாலும் அந்த நீண்ட வேலையில் ஒரு நல்ல மாற்றம் நடந்தது. புது வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. தன் பெயரில் ஒரு கையகல நிலம்கூட இல்லாதிருந்த பெண்ணுக்கு வீட்டில் சட்டப்படி உரிமை கிடைத்தது. அழிவுக்கு முன் இருந்த நிலைக்கே திரும்பினால் போதாது, அதைவிட நியாயமான நிலைக்குப் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஒருங்கிணைப்பை முன்கூட்டியே அமைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்க, இனி குஜராத்துக்குப் போவோம். 2001 ஜனவரி 26-இல் கட்ச் பகுதியைப் புரட்டிப் போட்ட பூகம்பம் நமக்கு நினைவிருக்கும். அங்கே அபியான் என்ற தொண்டு நிறுவனக் கூட்டமைப்பு, 1998-இல் வந்த புயலுக்குப் பிறகே உருவாகிவிட்டது. பூகம்பம் வந்தபோது யார் யாரோடு பேசுவது என்று புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. கிராமத் தொகுதிகள்தோறும் சேது என்ற பெயரில் தகவல் மையங்களைத் திறந்தார்கள். அரசு தவணை தவணையாகப் பணம் கொடுத்தது. பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே நின்று கட்டிக்கொண்டன. பூகம்பத்தைத் தாங்கும்படி கட்ட வழிகாட்ட ஆட்கள் இருந்தார்கள். முதல் இடரில் கற்றதைக் கலைத்துவிடாமல் காத்தவர்களுக்கு இரண்டாவது இடரில் அது கைகொடுத்தது.

நம் காவிரி டெல்டாவும் இப்படிக் கலையாமல் கூடவே இருக்கும் அமைப்பையே கேட்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நிவாரணம் வந்தது. ஆனால் நாட்டுத் தென்னங்கன்று ஒன்றை நட்டால் அது காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அந்த ஆறேழு வருடமும் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு எங்கே போகும்? தேங்காய் உரித்தும் மட்டை முடைந்தும் பிழைத்தவர் எங்கே வேலைக்குப் போவார்? நிவாரணத்துக்கு வாரக் கணக்கு போதும். மறுவாழ்வுக்கு மரத்தின் கணக்குதான் சரி. அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

ஆகவே நேயர்களே, நான் வற்புறுத்துவது இதுதான். ஒருங்கிணைப்பு என்பது உதவி செய்வோர் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளும் வேலை அல்ல. அதற்கென்று ஓர் இடம், பொறுப்பான ஆட்கள், அவர்களுக்குச் சம்பளம், குறைந்தது ஐந்தாண்டுக் காலம், எல்லாம் வேண்டும். பேரிடருக்கு நிதி ஒதுக்கும் அரசும் நன்கொடை கொடுக்கும் நிறுவனங்களும் அந்தத் தொகையில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்க வேண்டும்.

நாமும் இப்போதே தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால், அக்டோபர் 2-ஆம் தேதி நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு பட்டியலைக் கேளுங்கள். பட்டா இல்லாமல் குடியிருப்பவர் யார், வாடகைக்கு இருப்பவர் யார், தனியாக வாழும் முதியவர் யார், கூலியை மட்டுமே நம்பியிருப்பவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பேற்கட்டும். புயல் வந்தால் முதல் நாள் உதவி வாங்கவும், மூன்றாவது வருடம் விடுபட்டவரைத் தேடிப் போகவும் அதே பட்டியல் உதவும். உங்கள் ஊர்ப் பட்டியலில் கடைசியில் வரும் பெயருக்கு உரியவர் எழுந்து நிற்கும்வரை, அந்த ஊர் மீண்டுவிட்டது என்று யாரும் அறிக்கை எழுத நாம் விடக்கூடாது.