கதை எழுதுவோர் கூடும் இடத்தில் ஆசிரியருக்கு என்ன வேலை?

(உத்திரமேரூரில் பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துப்பறியும் கதை, அறிவியல் புனைகதை, பேய்க்கதை எழுதுகிறவர்கள் தங்களுக்கென்று மாநாடு கூட்டிப் பேசும் வழக்கம் உலகின் பல இடங்களில் இருக்கிறது. அங்கே போவதற்கு ஏன் இத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள்? அந்த ஆசையில் நம் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் நம் வகுப்பறையைப் பார்ப்போம். பாடநூலில் ஒரு பத்தியை வாசிக்கத் தயங்கும் மாணவன், வீட்டில் யாரோ வாங்கி வைத்த பாக்கெட் நாவலை மேசைக்கு அடியில் வைத்து நூறு பக்கம் வாசித்து முடித்திருப்பான். இன்னொரு மாணவி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தொடர்கதை எழுதிக்கொண்டிருப்பாள். முதல் அத்தியாயத்திலேயே ஒரு கொலை நடந்திருக்கும். இவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். புத்தகத்தை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, ‘பாடத்தைக் கவனி’ என்று சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த மாணவியின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவள் நெல் நடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். தறி நெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். ஒரகடம் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் வேன் ஏறும் அண்ணன்மாரையும் அக்காமாரையும் பார்த்திருக்கிறாள். கதை எழுதுகிற ஒருவரை மட்டும் அவள் பார்த்ததில்லை. தான் செய்வது ஒரு வேலை, அதற்கும் பயிற்சி உண்டு, அதைச் செய்கிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. சில மாதங்களில் அந்த நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். கதையும் அதோடு முடிந்துவிடும்.

இந்த வகைக் கதைகளை எழுதிய பெரியவர்களுக்கும் இதே தனிமை இருந்தது. வாசகர்கள் ஏராளம், மதிப்பு குறைவு. அதனால்தான் அவர்கள் தங்களுக்குள் கூடினார்கள். 1930-இல் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் ‘டிடெக்‌ஷன் கிளப்’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஜி.கே.செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். அகதா கிறிஸ்டியும் டோரதி சேயர்ஸும் உறுப்பினர்கள். 1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. வந்தவர்கள் சுமார் 200 பேர். குற்றக்கதைகளுக்கான ‘பௌச்சர்கான்’ மாநாடு 1970-இல் அமெரிக்காவின் சான்டா மோனிக்காவில் தொடங்கியது. பிந்தைய இரண்டும் இன்றுவரை தொடர்கின்றன.

இவற்றுக்குப் போகிறவர்களை இழுப்பவை மூன்று என்று நினைக்கிறேன்.

முதலாவது, அங்கே யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. ‘நான் பேய்க்கதை எழுதுகிறேன்’ என்று சொன்னால், ‘எப்போது உருப்படியாக எழுதப்போகிறீர்கள்?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘எத்தனையாவது பக்கத்தில் பேய் வருகிறது?’ என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாவது, தொழில் பேச்சு. வாசகர் கண்ணில் படும்படி ஒரு தடயத்தை வைக்க வேண்டும், ஆனால் அவர் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகவும் வேண்டும். அதை எப்படிச் செய்வது? நடுவில் கதை தொய்ந்தால் எந்த இடத்தைச் சரிசெய்வது? இப்படிப்பட்ட பேச்சுக்கு வீட்டில் ஆள் கிடைக்காது. ஒரே வேலையைச் செய்கிறவர்கள் சேர்ந்தால்தான் அந்தப் பேச்சு வரும். பயிற்சிக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் நாம் பேசிக்கொள்வதும் இப்படித்தானே!

மூன்றாவது, வாசகரும் எழுத்தாளரும் ஒரே தளத்தில் நிற்கிறார்கள். உலக அறிவியல் புனைகதை மாநாடு வழங்கும் ‘ஹ்யூகோ’ விருது 1953-இல் தொடங்கியது. அதைப் பெறப்போவது யார் என்பதை உறுப்பினர்களே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். முதல்முறை வந்த வாசகருக்கும் மூத்த எழுத்தாளருக்கும் ஆளுக்கொரு வாக்குதான்.

வாக்கு என்றதும் இந்த ஊரின் நினைவு வராமல் இருக்குமா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறோம். 30 குடும்புகள், 35 முதல் 70 வயது, கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் தடை என்பதெல்லாம் மாணவர்களுக்கு மனப்பாடம். அதில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு விதி உண்டு. குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை வாங்குகிறவர், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்குத்தான். ஏமாற்ற நினைப்பவன் எப்படியெல்லாம் யோசிப்பான் என்று முன்கூட்டியே யோசித்து எழுதிய விதி அது. துப்பறியும் கதை எழுதுகிறவரும் நாள்தோறும் இப்படித்தான் யோசிக்கிறார்.

லண்டன் சங்கத்தாரும் இதற்கு நிகரான ஒரு விதியை வைத்திருந்தார்கள். முக்கியமான எந்தத் தடயத்தையும் வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்று உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். வாசகர் முன் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் விளையாட வேண்டும்.

தமிழில் இந்த வகை எழுத்துக்கு நெடிய மரபு இருக்கிறது. நடேச சாஸ்திரி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே துப்பறியும் கதை எழுதிவிட்டார். இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஆரணியின் பெயரைத் தாங்கிய குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே.ஆர்.ரங்கராஜுவும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு பெரிய வாசகர் கூட்டத்தையே உருவாக்கினார்கள். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தார்கள். ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார். ‘சுபா’ என்ற பெயரில் எழுதுவது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்கள். சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். குடவோலை ஊரில் இதைச் சொல்லாமல் போனால் எப்படி?

கூடிப் பேசும் மரபும் நமக்குப் புதிதல்ல. அழ.வள்ளியப்பா முதலானோர் 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். சிறுவர்களுக்கு எழுதுவதைச் சிறிய வேலையாக நினைத்த காலத்தில், அதைச் செய்கிறவர்கள் ஒன்றுசேர்ந்து மாநாடுகள் நடத்தினார்கள். வள்ளியப்பாவுக்கு வங்கியில் வேலை. வேலை போக மிஞ்சிய நேரத்தில் இதைச் செய்தார். முழுநேர எழுத்தாளராக இருந்தால்தான் கூட முடியும் என்பதில்லை.

நாம் என்ன செய்யலாம்? மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

முதலில், நாம் போக வேண்டும். வெளிநாட்டு மாநாட்டுக்கு வேண்டாம். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி இருக்கிறது. மாவட்டப் புத்தகத் திருவிழா இருக்கிறது. புத்தகம் வாங்கியதும் திரும்பிவிடாமல், எழுத்தாளர் பேசும் மேடைக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்காருங்கள். முடிந்தால் நான்கைந்து மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வியை நாம் எழுதிக் கொடுக்க வேண்டாம். ‘கொலைகாரன் யாரென்று உங்களுக்கு முதலிலேயே தெரியுமா சார்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த ஒரு பதிலுக்காகவே பஸ் செலவு செய்யலாம்.

இரண்டாவது, பள்ளியிலேயே ஒரு சிறிய கூட்டம். இரண்டு பாடவேளை போதும். குடவோலை விதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஏதாவது ஒரு விதியை அழித்துவிட்டு, ‘இந்த விதி இல்லையென்றால் என்ன தில்லுமுல்லு நடந்திருக்கும்?’ என்று கேளுங்கள். கதை அங்கேயே பிறந்துவிடும். மூன்று மூன்று பேராகப் பிரிந்து ஒரு பக்கக் கதை எழுதட்டும். ஒரே நிபந்தனை: முடிவுக்கு முன்பே தடயம் கதையில் இருக்க வேண்டும். ஒரு குழு வாசிக்கும்போது, கடைசிப் பத்திக்கு முன் நிறுத்தி மற்றவர்கள் ஊகிக்கட்டும். பிறகு எழுதியவர்கள் எழுந்து, தடயத்தை எங்கே வைத்தோம், எதை அடித்துவிட்டு மாற்றினோம் என்று சொல்லட்டும். இந்தக் கடைசிப் பகுதியை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். மாநாட்டில் நடப்பது அதுதான். தொடக்கப் பள்ளியில் எழுதுவதற்குப் பதிலாக வாய்மொழியாகச் சொல்ல வைக்கலாம். காணாமல் போன பென்சிலே போதும். தேறும் கதைகளைக் கையெழுத்துப் பத்திரிகையாக்கி நூலகத்தில் வையுங்கள்.

மூன்றாவது, தேர்வு. பெரியவர்களுக்காக எழுதப்பட்ட குற்ற நாவல்கள் பலவற்றில் வன்முறையும், பெண்களை இழிவாகக் காட்டும் இடங்களும் உண்டு. அவற்றை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் பறித்து வைப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. பறித்த கையால் வயதுக்கேற்ற வேறொரு புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். அதற்கு அந்த வகைக் கதைகளை நாமும் கொஞ்சம் வாசித்திருக்க வேண்டும்.

இதனால் எல்லா மாணவர்களும் எழுத்தாளராகிவிட மாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. தடயத்தைத் தேடி வாசிக்கும் பிள்ளை அறிவியல் பாடத்தையும் கணக்கையும் கவனமாக வாசிப்பாள். காரணம் கேட்பாள். நாம் சொல்வதிலும் ஓட்டை இருந்தால் கண்டுபிடிப்பாள். அதற்கும் நாம் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்புக்குப் போனதும், ரஃப் நோட்டில் யார் கதை எழுதுகிறார்கள் என்று பாருங்கள். திருத்தத் தொடங்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, ‘அடுத்து என்ன நடக்கப் போகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தன் தொழில் பேச ஓர் ஆள் கிடைத்துவிடும்.