குஸ்தி மேடையில் பழைய சரக்கு

(மல்லாங்கிணற்றில் நடந்த வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கூலியையும் விலைவாசியையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் அமெரிக்கக் குஸ்தியைப் பற்றி என்ன பேச்சு என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். ஆனால் வேலை முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்குகிற நம் வாலிபர்கள் பலர் செல்போனில் பார்ப்பது இதைத்தான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஜான் சீனா, அண்டர்டேக்கர் பெயர்களைத் தாய்மாமன் பெயரைப் போலச் சொல்லுகிறார்கள். ஜனங்கள் எதைப் பார்த்துக் கைதட்டுகிறார்களோ அதைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும்.

நம்முடைய கேள்வி இதுதான். அண்ணன்மார் சிறுவர்களாக இருந்தபோது பார்த்த அதே பயில்வான்களை, இன்று தம்பிமாருக்கும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களே, ஏன்? ஓய்வு பெற்றேன் என்று அறிவித்தவர்கள் மறுபடியும் மேடையேறுகிறார்களே, யாருக்காக?

தோற்பதும் ஒரு வேலை

இந்தக் குஸ்தியில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்தது. கம்பெனியும் இன்று அதை ஒளிப்பதில்லை. "அப்படியானால் எல்லாம் பொய்தானே, இதில் நியாயம் அநியாயம் எங்கே வந்தது?" என்று கேட்பீர்கள். முடிவுதான் ஏற்பாடு, விழுகிற அடியும் உடைகிற எலும்பும் நிஜம். கூத்தில் துரியோதனன் தோற்பான் என்பது ஊருக்கே தெரியும். அதனால் வேஷம் கட்டியவன் விடிய விடிய ஆடியது பொய்யாகிவிடுமா?

முடிவு ஏற்பாடு என்பதால்தான் நம் கேள்விக்கு அர்த்தம் வருகிறது. நிஜப் போட்டியில் வயதானவர் ஜெயித்தால் அது அவருடைய பலம். ஏற்பாட்டுப் போட்டியில் அவர் ஜெயித்தால் அது முதலாளியின் தீர்மானம்.

நம் நாட்டு அனுபவத்தையே பாருங்கள். 1950-களில் இந்தியக் கோதாக்களில் கிங்காங் என்ற பெயரில் ஆடினார் எமில் செஜா என்ற ஹங்கேரிக்காரர். 1909-ல் பிறந்தவர், மலை போன்ற உருவம். அந்த மலையைச் சாய்த்தவர் என்ற பெயரோடுதான் அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை தாராசிங் தேசமெங்கும் அறியப்பட்டார். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்கப் பயில்வான் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றார். அப்போது தெஸ்ஸுக்கு 52 வயது, தாராசிங்குக்கு 39. மூத்தவர் தோற்றதால் இளையவருக்குப் பெயர் வந்தது. அதனால் மூத்தவரின் கௌரவம் குறைந்து போயிற்றா? இல்லை. அந்தத் தாராசிங்கும் 1983-ல் டில்லியில் குஸ்தி மேடையிலிருந்து விடைபெற்றார்.

ஆக, இந்தத் தொழிலில் தோற்பதும் ஒரு வேலை. மூத்தவருக்குரிய பெரிய வேலை. தன் பெயரில் சேர்ந்த செல்வாக்கை இளையவர் தோளில் ஏற்றிவிட்டு இறங்குவதுதான் அது.

ஒரு விரலுக்கு விழுந்த பயில்வான்

அமெரிக்காவிலும் இந்த முறை இருந்தது. 1987 மார்ச் 29 அன்று, உடல் நலிந்திருந்த ராட்சத பயில்வான் ஆண்ட்ரே, மிஷிகன் மாகாணத்தில் ஹல்க் ஹோகனிடம் தோற்றார். ஹோகன் புகழின் உச்சிக்குப் போனார். ஆனால் தமக்குக் கிடைத்ததைப் பிறருக்குக் கொடுக்கும் நாள் வந்தபோது நடந்தது என்ன?

1994-ல் ஹோகன் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற போட்டிக் கம்பெனிக்குப் போனார். தம்முடைய ஆட்டத்தின் முடிவில் தாமே தலையிடலாம் என்ற ஷரத்து அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. 1999 ஜனவரி 4 அன்று அட்லாண்டா நகரில், ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள கெவின் நாஷின் நெஞ்சில் 45 வயது ஹோகன் ஒரு விரலால் தொட்டார். நாஷ் வேரற்ற மரம்போல் மல்லாந்தார். பட்டம் ஹோகனுக்கு! டிக்கட் வாங்கிய ஜனங்களுக்கு அன்று கிடைத்தது அந்த ஒரு விரல்தான். மேலே போக வழியில்லை என்று கண்ட இளையவர்கள் கம்பெனியை விட்டுக் கிளம்பினார்கள். 2000 ஜனவரியில் ஒரே சமயத்தில் நான்கு பேர் எதிர்க்கம்பெனிக்குப் போய்விட்டார்கள். 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ. அந்த எதிர்க்கம்பெனிக்கே விற்கப்பட்டது.

அதை வாங்கியவர்கள்தான் இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ. பாடம் படித்தார்களா? கேளுங்கள்.

2018 நவம்பர் 2 அன்று சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் ஒரு பெரிய ஆட்டம். சவூதி சர்க்காரோடு அதே வருஷம் செய்துகொண்ட பத்து வருஷ ஒப்பந்தத்தின் கீழ் நடந்தது. பத்திரிகையாளர் கஷோகி கொல்லப்பட்டு அன்றைக்கு ஒரு மாதம். ஆட்டத்தில் இறங்கிய நால்வர் அண்டர்டேக்கர், கேன், டிரிபிள் எச், ஷான் மைக்கேல்ஸ். நால்வரின் வயதையும் கூட்டினால் 206! மைக்கேல்ஸ் 2010-லேயே ஓய்வு பெற்றவர். கேன் அப்போது டென்னஸி மாகாணத்தில் நாக்ஸ் கவுண்டியின் மேயர். ஆட்டத்தின் நடுவே டிரிபிள் எச்சின் மார்புத் தசை கிழிந்தது. 2019 ஜூன் 7 அன்று ஜெட்டாவில் 52 வயது கோல்ட்பர்கும் 54 வயது அண்டர்டேக்கரும் மோதினார்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறிய கோல்ட்பர்க், அண்டர்டேக்கரைத் தூக்கிப் போட்டபோது அவர் கழுத்து தப்பியதே பெரிது. 2020 பிப்ரவரி 27 அன்று அதே கோல்ட்பர்கை மறுபடியும் ரியாத்துக்குக் கொண்டுவந்து, 32 வயதுச் சாம்பியன் ப்ரே வயட்டை மூன்றே நிமிஷத்தில் வீழ்த்தச் செய்தார்கள். வயட் வருஷக்கணக்கில் வளர்த்த பெயர் மூன்று நிமிஷத்தில் சரிந்தது. அடுத்த வருஷம் அவரைக் கம்பெனி வேலையிலிருந்தும் நீக்கியது.

ஏன் இப்படி?

மூத்தவர்களின் பேராசை மட்டும்தான் காரணமா? இல்லை. வியாபாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். இது நமக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. சென்ற தீபாவளிக்கு விற்காமல் நின்ற வெடியை என்ன செய்வார்கள்? புதிய லேபிள் ஒட்டி இந்தத் தீபாவளிக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். புதிய சரக்குக்கு மருந்து வேண்டும், ஆள் வேண்டும், வெயில் வேண்டும். பழைய சரக்குக்கு லேபிள் மட்டும் போதும்.

புதிய பயில்வானை உருவாக்க வருஷங்கள் பிடிக்கும். அவன் பெயரெடுப்பானா என்பதும் நிச்சயமில்லை. பழைய பெயரோ என்றைக்கோ ஜனங்களின் மனதில் போட்டு வைத்த முதல். உங்கள் சிறு வயது ஞாபகத்துக்கு அவர்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. அதையே உங்களிடம் டிக்கட் போட்டு விற்கிறார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் ஒப்பந்தங்களும் வருகின்றன. வாரந்தோறும் நடக்கும் இவர்களுடைய ஒரு நிகழ்ச்சிக்காக நெட்பிளிக்ஸ் கம்பெனி பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் கொடுப்பதாக 2024 ஜனவரியில் அறிவித்தது.

இந்தப் பணம் ஆடுகிறவர்களை எப்படிச் சேருகிறது? அந்தப் பயில்வான்கள் சட்டப்படி கம்பெனித் தொழிலாளிகளே அல்லவாம். "சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள்" என்று பெயர். எந்த ஊரில், எந்த வேஷத்தில், யாரிடம் தோற்க வேண்டும் என்று கம்பெனி சொல்லும். ஆனால் தொழிலாளிக்குரிய உரிமை என்று கேட்டால் நீ ஒப்பந்தக்காரன் என்று சொல்லும். உள்குத்தகை ஷெட்டுகளில் பீஸ்ரேட்டுக்குத் திரி செருகிய நம் தோழர்களுக்கு இந்தச் சாமர்த்தியத்தை விளக்க வேண்டியதில்லை.

அவர்களுக்குச் சங்கம் இல்லை. ஒருவர் முயன்றார். 1986-ல் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்ற பயில்வான் உடைமாற்றும் அறையில் சங்கம் அமைக்கப் பேசினார். செய்தி முதலாளி வின்ஸ் மக்மஹோனுக்கு உடனே போய்விட்டது. யார் சொன்னது? பின்னால் நடந்த ஒரு வழக்கில் மக்மஹோனே ஹோகன் பெயரைச் சொன்னதாக வென்ச்சுரா பகிரங்கமாகக் கூறியிருக்கிறார். அந்த வென்ச்சுரா பிற்காலத்தில் மின்னசோட்டா மாகாண கவர்னரானார். சங்கம் மட்டும் இன்றுவரை அமையவில்லை. ஹோகனோ இனவெறிப் பேச்சு 2015-ல் வெளியானதும் கம்பெனியால் விலக்கப்பட்டு, 2018-ல் திரும்ப அழைக்கப்பட்டார். 2025 ஜனவரியில், நெட்பிளிக்ஸில் ஒளிபரப்பான முதல் நாள் நிகழ்ச்சியில் அவரை மேடையேற்றினார்கள். ஜனங்கள் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினார்கள். அதே வருஷம் ஜூலையில் அவர் காலமானார்.

ஹைதராபாத்தில் நடந்தது

நம் நாட்டுக்கு வந்தபோது என்ன செய்தார்கள்? 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத்தில் ஆட்டம் நடத்தினார்கள். சினிமாவுக்குப் போய் எப்போதாவது மேடைக்கு வந்துகொண்டிருந்த ஜான் சீனாதான் விளம்பரத்தின் உயிர். அவர் ஜோடி ஜெயித்தது. அன்று தோற்றவர்களில் ஒரு ஜோடி ரிங்கு சிங்கும் சௌரவ் குர்ஜரும். ரிங்கு சிங் உத்தரப் பிரதேசத்து லாரி டிரைவரின் மகன். குர்ஜரை உங்களுக்குத் தெரியும், டி.வி. மகாபாரதத் தொடரில் பீமனாக வந்தவர். சொந்த தேசத்து மேடையில் இவர்கள் வெளியூர்க்காரர்களுக்குத் தோற்றுக் கொடுத்தார்கள். அதே மாதம் கம்பெனி வேறொரு கம்பெனியோடு இணைந்து பெருத்தது. இணைந்த பத்து நாட்களுக்குள் ஆட்குறைப்பு வந்தது. ஷாங்கி என்ற இந்தியப் பயில்வான் நீக்கப்பட்டார். 2024 ஏப்ரலில் ரிங்கு சிங்குக்கும் குர்ஜருக்கும் சீட்டுக் கிழிந்தது.

பழையவருக்குக் கைதட்டல், புதியவருக்குக் கணக்கு முடிப்பு. இதுதான் தோழர்களே விஷயம்.

"ஜனங்களே பழையவர்களைத்தானே கேட்கிறார்கள்?" என்பார்கள். ஜனங்களின் அன்பு உண்மையானது. அதை நாம் கேலி செய்ய மாட்டோம். 2004-ல் வந்த கில்லி படத்தை 2024-ல் மறுபடி திரையிட்டபோது நம் வாலிபர்கள் தியேட்டரை நிரப்பினார்கள். பழையதை ரசிப்பது குற்றமல்ல. புதியதை வளரவிடாமல் வைத்துக்கொண்டு, ஜனங்களுக்குப் புதியது பிடிக்கவில்லை என்று பழி போடுவதுதான் குற்றம்.

சீனா கடைசியில் சரியானதைச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் 47 வயதில் பதினேழாவது பட்டத்தை அவருக்குக் கொடுத்தார்கள். ஆனால் 2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் தம்முடைய கடைசி ஆட்டத்தில் குந்தர் என்ற இளையவரிடம் தோற்று விடைபெற்றார். ரசிகர்கள் பலருக்குக் கோபம். நமக்கில்லை. கிங்காங் செய்த வேலையை அவரும் செய்தார், அவ்வளவுதான்.

நம் வழக்கம் என்ன?

நம் சீமை வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வயதான ஜல்லிக்கட்டுக் காளையை யாரும் வாடிவாசலில் அவிழ்ப்பதில்லை. அதை அடித்து விரட்டுவதுமில்லை. தொழுவத்தில் வைத்துத் தீனி போட்டு, செத்தால் மாலை போட்டு அடக்கம் செய்கிறோம். சிலம்ப வாத்தியார் கம்பை எடுத்து முதல் வணக்கம் செய்வார். பிறகு கம்பு பையன் கைக்குப் போகும். வாத்தியாரின் பெருமை அந்தப் பையன் சுற்றுகிற வீச்சில்தான் இருக்கிறது.

ஆகவே வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பாருங்கள், ரசியுங்கள், கைதட்டுங்கள். தட்டிவிட்டு, எதிரே கீழே விழுந்து கிடக்கிற பையனையும் பாருங்கள். அவனுக்குக் கூலி என்ன, காயம்பட்டால் யார் பொறுப்பு, அடுத்த வருஷம் அவனுக்கு வேலை உண்டா என்று கேளுங்கள். உங்கள் சொந்தக் கம்பெனி வாசலில் கேட்கிற அதே கேள்விகள்தான்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கலுக்கு நம் ஊரில் கபடி ஆடும்போது கோட்டுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுங்கள். உள்ளே பதினெட்டு வயதுக்காரன் இறங்கட்டும். அவன் முதல் பாட்டுக்குப் போய்ப் பிடிபட்டு மண்ணோடு எழுந்து வந்தாலும் பரவாயில்லை, மறுபடியும் அவனையே அனுப்புங்கள். சங்கத்திலும் அப்படியே. இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற வாலிபர்களும் பெண்களும் அடுத்த கூட்டத்தில் இந்த மேடையில் நின்று பேச வேண்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்கிறோம்.