பசிக்கு டீ போதாது

செய்யாறு, ஆரணிப் பக்கம் பட்டுத் தறியில் உட்காரும் பெண்கள் பலர், காலைப் பசியை இனிப்பு டீயால் தள்ளிப்போடுகிறார்கள். சர்க்கரை தரும் தெம்பு சீக்கிரம் இறங்கிவிடும். சோர்வு வரும், அடுத்த டீ வரும். சர்க்கரையை முடிந்தால் நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். டம்ளருக்கு இரண்டு கரண்டி என்றால் மூன்று டீயிலேயே தீர்ந்தது.

எனக்குப் பெரிய கவலை வேறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்; ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்புச்சத்துக்கு, நம் ஊர் வேர்க்கடலையை அவித்து ஒரு கைப்பிடி, மதியம் முருங்கைக்கீரையில் கொஞ்சம் எலுமிச்சை. களைப்பு ஓயவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.