புதுநகர் புகுவோர்க்கு ஓர் ஆற்றுப்படை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆற்றுப்படை இலக்கியங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். வகுப்பறையில் பேசுவதையே இங்கும் பேசலாம். பொறுத்துக்கொள்ளும் பண்பு உங்களுக்கு உண்டு என்பதும் தெரியும். ஆயினும் இன்று வேறு வாயிலின் வழியே புகுகிறேன். அது விமான நிலையத்து வாயில்.

2006ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். பத்துப்பாட்டில் அமைந்த ஆற்றுப்படைகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கருத்தரங்கு ஒன்றிற்காகத் தில்லி சென்றேன். முதல் விமானப் பயணம் அது. மூடுபனியால் காலம் தாழ்ந்து, அந்நாளில் உள்நாட்டு விமானங்கள் இறங்கிய பாலம் முனையத்தில் இரவு பதினொரு மணிக்குமேல் இறங்கினேன். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்திருந்தது. தங்குமிடம் ஆர்.கே.புரத்தில். முகவரி கையில் இருந்தது; திசை தெரியாது.

வெளியே வந்ததும் ஒருவர் மிகுந்த பணிவோடு என் பெட்டியை வாங்கிக்கொண்டார். கார் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்திற்குப் பின் சுற்றுலா அலுவலகம் என்று பலகை மாட்டிய ஓர் அறையின் முன் நிறுத்தி, "உங்கள் விடுதிக்குச் செல்லும் சாலையை அடைத்துவிட்டார்கள்" என்றார். உள்ளே இருந்தவர் தாமே எண்களைச் சுழற்றித் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் இருந்த குரல், உங்கள் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றது. வேறு விடுதி வேண்டுமெனில் நாலாயிரம் ரூபாய். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அச்சத்தைவிட எனக்கு அப்போது மிகுந்திருந்தது வெட்கம்தான். ஏனென்று பின்னர் சொல்கிறேன்.

அழைப்பிதழில் இருந்த எண்ணை நானே சுழற்றுவேன் என்று அடம்பிடித்தேன். நெடுநேர வாக்குவாதத்திற்குப் பின் விட்டார்கள். கருத்தரங்கப் பொறுப்பாளரின் தூக்கக் குரல், "அறை காத்திருக்கிறதே அம்மா, எங்கே இருக்கிறீர்கள்?" என்றது. எங்கே இருக்கிறேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஒருவாறு கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அவ்விடுதியில் பொள்ளாச்சிப் பக்கத்து அம்மையார் ஒருவரைக் கண்டேன். கதையைக் கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, உள்ளயே போலீசுல சீட்டுக் குடுக்கறாங்களே, பாக்கலியா?" என்றார். பார்த்திருந்தேன், இன்னதென்று அறியாமல் அதைக் கடந்து வந்திருந்தேன். முன்பணம் செலுத்தி வாடகைக் கார் பெறும் முகப்பு அது. செல்லுமிடம் சொல்லிப் பணம் கட்டினால் சீட்டுத் தருவார்கள். அச்சீட்டை ஓட்டுநரிடம் ஏறும்போது கொடுத்துவிடக் கூடாது. இறங்கிய பின்னரே கொடுக்க வேண்டும். அதைக் கொண்டு காட்டினால்தான் அவருக்குப் பணம் கிடைக்கும். "சீட்டு உங் கையில இருக்கற வரைக்கும் வண்டி உம் பேச்சக் கேக்கும்" என்றார் அவர். ஆற்றுப்படை என்பதன் இலக்கணத்தை நான் அன்றுதான் கற்றேன் என்று சொன்னால் என் நெறியாளர் வருந்துவார். ஆனால் உண்மை அதுதான்.

என் வெட்கத்திற்குக் காரணம் இதுவே. சென்று மீண்டவன், செல்ல இருப்பவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. நாம் பெரும்பாலும் அதைப் பரிசில் இலக்கியமாகவே கற்பிக்கிறோம்: புரவலன் பெருமை, பொற்றாமரை, யானைக் கொடை. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனாரோ நன்னனின் கொடையோடு நின்றுவிடவில்லை. பன்றிக்குப் பொறி வைத்த இடம், பாம்பு உறையும் குழி, பாசி படிந்து வழுக்கும் தடம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் என வழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வள்ளலின் வாயிலை அடையும் முன் கூத்தர் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? 583 அடிகளையும் பலமுறை படித்திருந்தும், பொறி எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் கோவலனை நினைக்காமல் இருக்க முடியாது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குரிய மூன்று வழிகளையும் விரித்துரைக்கிறான்; இடைநெறியில் கானுறை தெய்வம் ஒன்று மயக்கி நிறுத்தும் என்றும் எச்சரிக்கிறான். பின்னர் நீர்நிலையருகே அத்தெய்வம் வசந்தமாலையின் வடிவில் வந்து கோவலனிடம் பேசுகிறது. மறையோன் சொல் நினைவிருந்தமையால் அவன் ஐயுறுகிறான், மந்திரம் சொல்கிறான், தப்புகிறான். காட்டில் வேற்றுருவில் வந்த வஞ்சத்தை வென்றவன் அவன்.

அதே கோவலன் மதுரைக்குள் நுழைந்து மணிக்கடை வீதியும் பொற்கடை வீதியும் கண்களாரக் கண்டு, புறஞ்சேரிக்குத் திரும்பி வந்து கவுந்தியடிகளிடம் நகரின் சிறப்பைச் சொல்கிறான். அடிகள் கண்ணகியைப் பாதுகாப்பாக மாதரியிடம் ஒப்படைக்கிறார். ஆனால் சிலம்பை எங்கே விற்பது, யாரை நம்புவது என்று கோவலனுக்கு உரைப்பார் ஒருவரும் இல்லை. பணியாளர் நூற்றுவர் பின்தொடர வந்த பொற்கொல்லனின் தோற்றமே அவனுக்குச் சான்றாகிவிட்டது. ஊழ்வினை என்று இளங்கோவடிகள் சொல்கிறார். மறுக்கும் தகுதி எனக்கில்லை. எனினும் காட்டிற்கு வழிசொன்ன மறையோனைப் போல் கடைத்தெருவிற்கும் ஒருவன் இருந்திருந்தால் என்று ஒவ்வோர் ஆண்டும் அக்காதையை நடத்தும்போது மனம் கேட்கத்தான் செய்கிறது.

தில்லியைக் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. நம் ஊருக்கு வருவேன்.

பீளமேட்டு விமான நிலையம் 1940இல் தொடங்கியது. 2012இல் பன்னாட்டு நிலையம் என்னும் தகுதி பெற்றது. மருத்துவத்திற்கென்றும் வணிகத்திற்கென்றும் நாள்தோறும் புதியவர் இறங்குகின்றனர். வெளியே வந்து அவினாசி சாலையைத் தொட்டால் முதலில் கேட்கும் பெயர் 'சித்ரா'. யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்றே புதியவர் எண்ணுவார். அது தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். அடுத்து 'ஹோப் காலேஜ்'. அங்கே இறங்கி அப்பெயருள்ள கல்லூரியைத் தேடுபவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1945இல் ஜி.டி.நாயுடுவின் முயற்சியால், ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தோன்றிய அக்கல்லூரி, அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகித் தடாகம் சாலைக்குச் சென்று பல்லாண்டுகள் ஆயின. பெயர் மட்டும் பேருந்து நிறுத்தமாக நின்றுவிட்டது. நமக்கு இது சுவை. நோயாளியை அழைத்துக்கொண்டு வருபவருக்கு இடர்.

"பஸ் ஸ்டாண்டு போகணும்" என்று ஒருவர் சொன்னால் கோவையில் அது பாதிச் செய்திதான். மதுரை, திருச்சிக்குச் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பாலக்காட்டிற்கு உக்கடம். ஈரோடு, சேலத்திற்குக் காந்திபுரம். உதகைக்கு மேட்டுப்பாளையம் சாலை. சிங்காநல்லூர் செல்ல வேண்டியவரைக் காந்திபுரத்தில் இறக்கிவிட்டு இரட்டை வாடகை பெறுவதும் நிகழ்கிறது. 2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்திற்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டது. நமக்குப் பெரும் வசதி. ஆனால் மேலே ஏறிவிட்டால் சித்ராவும் ஹோப் காலேஜும் லட்சுமி மில்லும் காலுக்கடியில் போய்விடும். எங்கே இறங்குவழி என்பது அறிந்தவர்க்கே தெரியும். கொங்குநாட்டார் மரியாதைக்குப் பெயர்பெற்றவர்கள். 'வாங்க' என்று சொல்லத் தெரிந்த நாம், 'இப்படிப் போங்க' என்று சொல்வதற்கும் சற்று நேரம் நிற்கலாம். கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது தொலைவைச் சொல்லும். பெட்டியை யாரிடம் கொடுக்கக் கூடாது என்று சொல்லாது.

தில்லியிலிருந்து திரும்பியதும் அரைப்பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். நேர்காணலுக்கும் தேர்வுக்கும் தில்லி செல்லும் மாணவியர்க்கு அதைப் படியெடுத்துக் கொடுத்துவருகிறேன். முகப்பு எங்கே, சீட்டை எப்போது கொடுப்பது, தொலைபேசி எண்களை நீயே அழுத்து என்பனவே அதில் உள்ளவை. 2011இல் விமான நிலையத்திற்கு மெட்ரோ வந்தபோது ஒரு வரி சேர்த்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்குறிப்போடு சென்ற மாணவி ஒருத்தி, திரும்பி வந்ததும் அதைச் சிவப்பு மையால் திருத்திக் கொண்டுவந்து தந்தாள். "அம்மா, 2018லேயே ஒன்றாம் முனையத்திற்கு வேறொரு மெட்ரோ தடம் வந்துவிட்டது. அங்கிருந்து நான்காவது நிலையமே ஆர்.கே.புரம். ஆனால் மூன்றாம் முனையத்தில் இறங்கினால் அந்தத் தடம் இல்லை. எந்த முனையம் என்று பயணச்சீட்டில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நள்ளிரவில் மெட்ரோ ஓடாது, அதையும் எழுதுங்கள்" என்றாள். நான் ஒன்றரை மணி நேரம் சுற்றிய இடம் நான்காவது நிலையம்.

இப்போது கொடுத்துவருவது அவள் திருத்திய படியைத்தான். வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். பத்துப் படிகள் கொண்டுவந்திருக்கிறேன்.